ரகசிய வேலைக்குப் பகிரங்க அழைப்பு

கொடைக்கானல் போகிறவர்களில் பலர் பக்கத்து வட்டக்கானலையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். இஸ்ரேல் நாட்டு இளைஞர்கள் ஏராளமாக வந்து தங்குவதால் அதற்குக் ‘குட்டி இஸ்ரேல்’ என்றே ஒரு செல்லப் பெயர் உண்டு. 2016 அக்டோபரில், கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்துக் கனகமலையில் சிலர் கைதானார்கள். வட்டக்கானலுக்கு வரும் யூதப் பயணிகளைத் தாக்குவதும் அவர்களுடைய திட்டம் என்றது தேசியப் புலனாய்வு முகமை. 2019-ல் கொச்சியில் ஆறு பேருக்குத் தண்டனை கிடைத்தது. மலையில் அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை.

இப்படி வருமுன் காக்கும் வேலைக்கு நம் வீட்டுப் பெண்களும் போகலாம், தெரியுமா?

“ஐயையோ, உளவு வேலையா? அதெல்லாம் ஆம்பளைங்க சமாசாரம்!” என்று பதறாதீர்கள். 1887-ல் தோன்றிய நம் உளவுத்துறை, ‘ஐ.பி.’, இப்போது பகிரங்கமாகவே விளம்பரம் செய்து ஆள் எடுக்கிறது. 2025-ல் வந்த அறிவிப்புகளைப் பாருங்கள். பாதுகாப்பு உதவியாளர் வேலைக்குப் பத்தாம் வகுப்புப் படிப்போடு வட்டார மொழியும் தெரிந்திருக்க வேண்டும். அதிகாரி வேலைக்குப் பட்டப்படிப்பு. வயது 18 முதல் 27. மறுமணம் செய்யாத விதவைகளுக்கும் விவாகரத்து ஆனவர்களுக்கும் 35 வரை சலுகை. தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிரிவினரானால் 40. பெண்களுக்குத் தேர்வுக் கட்டணம் கிடையாது. பரிசீலனைக் கட்டணம் மட்டும் உண்டு. அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம் பாதுகாப்புப் படியும் கிடைக்கும்.

ஏன் இத்தனை அழைப்பு? ஒரே மாதிரி ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டால் சந்தைப் பேச்சும் மலைக் கிராமத்துப் பேச்சும் அவர்கள் காதில் விழாது. எல்லாத் தரப்பு மக்களும் வேண்டும்.

பிரிட்டனில் நடந்ததைக் கேளுங்கள். 1960-களில் கணவரின் உத்தியோகத்துக்காக டில்லி வந்த ஸ்டெல்லா ரிமிங்டன் என்ற இல்லத்தரசி, அங்கே எம்.ஐ.5 உளவுத்துறையில் பகுதி நேர டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தார். 1992-ல் அதன் தலைவரே ஆகிவிட்டார்! நம் ஐ.பி.யில் 2025 வரை ஒரு பெண்ணும் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. ஆகவே, விளம்பரம் மட்டும் போதாது. உள்ளே போனவர்களுக்கு உயர்வும் வேண்டும்.

அம்மாக்கள் யோசிக்க வேண்டியதும் உண்டு. இந்தியாவில் எந்த மூலைக்கும் மாற்றல் வரலாம். கைக்குழந்தை இருந்தால் யார் பார்த்துக்கொள்வது என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். “எம் பொண்ணு எங்க வேலை பார்க்குறா தெரியுமா?” என்று கல்யாண வீட்டில் பெருமை பேசவும் முடியாது. பெண்ணே ‘சொல்ல முடியாதும்மா’ என்றால், துருவித் துருவிக் கேட்காதீர்கள்.

இன்னொரு முக்கிய எச்சரிக்கை. “ரகசிய வேலை, யாரிடமும் மூச்சு விடாதே, பணத்தைக் கட்டு” என்று எவராவது வந்தால், அது ஏமாற்று வேலை. உண்மையான அழைப்பு மத்திய உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் எல்லோரும் படிக்கும்படி வருகிறது. தேர்வும் உண்டு, நேர்முகமும் உண்டு. வேலைதான் ரகசியம், விண்ணப்பம் ரகசியமில்லை. தரகருக்குக் கொடுக்க நகையை அடகு வைப்பதைவிட, அந்தப் பணத்தில் பெண்ணுக்குப் பரீட்சைப் புத்தகங்கள் வாங்கிக் கொடுங்கள்.