ஒரே பெயர், இரண்டு சரக்கு: கணிப்பொறி வாங்கும் வணிகர் கவனத்துக்கு

ஆரணியிலிருந்து வரும் அரிசி மூட்டையை இறக்கும்போது, சாக்கின் மேல் அச்சடித்த பெயரை மட்டும் பார்த்து நம்மில் யாரும் பணம் கொடுப்பதில்லை. குத்தூசியை விட்டு நாலு அரிசியை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கிறோம். பழையதா புதியதா, ஒரே நெல்லா கலப்பா என்று பல்லில் கடித்தும் பார்க்கிறோம். அதே வணிகர் கடைக்குக் கணிப்பொறி வாங்கப் போனால், அட்டைப்பெட்டியில் உள்ள பெயரை நம்பிப் பணத்தை எண்ணி வைத்துவிட்டு வருகிறார். பெயர் ஒன்றாகவும் சரக்கு வேறாகவும் விற்பனைக்கு வந்த ஒரு பொருளைப் பற்றி, பாகாயம் வட்டார வணிகப் பெருமக்களுக்கு இங்கே விவரமாகச் சொல்ல விரும்புகிறோம்.

அந்தப் பொருள் கிராபிக்ஸ் கார்டு. திரையில் படத்தை வரைந்து காட்டுவதற்கென்றே கணிப்பொறிக்குள் தனியாகச் செருகப்படும் அட்டை அது. என்விடியா என்ற அமெரிக்க நிறுவனம் 2017 மே மாதம் ஜிடி 1030 என்ற பெயரில் குறைந்த விலைக் கார்டு ஒன்றைக் கொண்டுவந்தது. கணக்கு வேலை செய்யும் சிறு உறுப்புகள் 384, நினைவகம் 2 ஜிபி, மின்செலவு 30 வாட். சிறு வேலைகளுக்கு நல்ல சரக்கு. மறு வருடம், 2018-ல், அதே ஜிடி 1030 என்ற பெயரிலேயே இன்னொரு கார்டு கடைக்கு வந்தது. இதிலும் 384 உறுப்புகள், 2 ஜிபி நினைவகம். முதல் கார்டின் நினைவகம் ஜிடிடிஆர்5 வகை, இரண்டாவதில் டிடிஆர்4 வகை. பெயரில் எந்த மாற்றமும் இல்லை.

நினைவக வகை மாறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். நம் கடையை வைத்தே பார்ப்போம். கல்லாவுக்கு முன்னால் பொட்டலம் கட்ட எத்தனை ஆள் நின்றாலும், கிடங்கிலிருந்து மூட்டை வந்து சேர்ந்தால்தான் வேலை நடக்கும். இந்தக் கார்டில் 384 பேர் பொட்டலம் கட்டக் காத்திருக்கிறார்கள், நினைவகம்தான் கிடங்கு. கிடங்குக்கும் கல்லாவுக்கும் நடுவே உள்ள வழியின் அகலம் இரண்டு கார்டிலும் ஒன்றே: 64 பிட். ஆனால் அந்த வழியில் வண்டி ஓடும் வேகம் வேறு. முதல் கார்டில் நொடிக்கு 48 ஜிபி சரக்கு வந்து சேருகிறது. இரண்டாவதில் 16.8 ஜிபிதான். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவே. இதோடு உறுப்புகளின் ஓட்டத்தையும் கொஞ்சம் குறைத்திருந்தார்கள். முதலாவதன் உச்சவேகம் 1468 மெகாஹெர்ட்ஸ், பின்னதில் 1379. மின்செலவு 20 வாட்டாகக் குறைந்தது என்பது ஒன்றுதான் இரண்டாவதற்குச் சொல்லக்கூடிய நல்ல வார்த்தை.

அமெரிக்காவில் கேமர்ஸ் நெக்சஸ் என்ற சோதனைக் குழுவினர் 2018-ல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். பல விளையாட்டுகளில் டிடிஆர்4 கார்டு பாதி வேகத்தைக்கூடத் தொடவில்லை. பகலில் பில்லும் இரவில் பிள்ளைகளின் விளையாட்டுமாக ஒரே கணிப்பொறியை ஓட்டும் வீடுகளில் இந்த வித்தியாசம் முதல் நாளே தெரிந்துவிடும். பில் மட்டும் போடுகிறவருக்கோ ஆயுசுக்கும் தெரியப்போவதில்லை.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் வியாபாரம் செய்கிறவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். ஒரே தோலை இரண்டாகப் பிளந்தால் மேல்பாகத்துக்கு ஒரு விலை, அடிப்பாகத்துக்கு ஒரு விலை. இரண்டும் தோல்தான். ஆனால் அடிப்பாகத்தை மேல்பாகம் என்று அனுப்பினால் சரக்கு திரும்பி வரும். அடுத்த ஆர்டரும் போகும்.

இதே நிறுவனம் 2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற விலையுயர்ந்த கார்டை 16 ஜிபி, 12 ஜிபி என்று இரண்டு விதமாக அறிவித்தது. நினைவக அளவு மட்டுமல்ல, உள்ளே இருந்த சில்லே வேறு. வாடிக்கையாளர்கள் போட்ட கூச்சலில் மறு மாதமே 12 ஜிபி கார்டைத் திரும்பப் பெற்று, 2023 ஜனவரியில் 4070 டிஐ என்று வேறு பெயரில் விற்றது. பெரிய தொகை கொடுக்கிறவன் கேட்டதும் பெயரை மாற்றத் தெரிந்த நிறுவனம், சில ஆயிரம் கொடுக்கிறவன் வாங்கும் 1030-க்கு அந்த மரியாதையைக் காட்டவில்லை. மொத்த வியாபாரிக்கு ஒரு படி, சில்லறைக்கு ஒரு படி என்று அளந்தால் நம் தெருவில் யாராவது சும்மா இருப்பார்களா?

சரி, கடைக்கு இந்தக் கார்டு தேவையா? டாலி போன்ற கணக்கு மென்பொருளுக்கும், ஜிஎஸ்டி பில் போடுவதற்கும், இருப்புப் பார்ப்பதற்கும் தேவையே இல்லை என்பது எங்கள் துணிவான அபிப்பிராயம். பிராசசருக்குள்ளேயே படம் காட்டும் பகுதி இருந்தால் போதும். வாடிக்கையாளர் பக்கம் ஒரு திரை, நம் பக்கம் ஒரு திரை என்று இரண்டு வைப்பதற்கும் பெரும்பாலான மதர்போர்டுகளில் வழி உண்டு.

இங்கேதான் கொஞ்சம் விழிப்பு வேண்டும். இன்டெல் பிராசசர்களில் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால் (ஐ3-12100எஃப் போல) அதில் படம் காட்டும் பகுதி கிடையாது. விலை சற்றுக் குறைவு என்று அதை வாங்கினால், தனியாகக் கார்டு வாங்கியே தீர வேண்டும். மிச்சம் பிடித்தது கார்டில் போய்விடும். ஏஎம்டியின் ரைசனில் 5600-க்கு அந்தப் பகுதி இல்லை, 5600ஜி-க்கு உண்டு. விலைப்பட்டியலைக் கையில் வாங்கியதும் இந்த ஒற்றை எழுத்தை முதலில் பாருங்கள்.

கார்டு வாங்கியே ஆக வேண்டிய நிலை என்றால், பெட்டியில் ஜிடிடிஆர்5 என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிகாபைட் நிறுவனத்தின் கார்டில் மாடல் எண்ணிலேயே இது தெரியும்: என்1030டி5 என்றால் ஜிடிடிஆர்5, என்1030டி4 என்றால் டிடிஆர்4. பெட்டி இல்லாமல் பழைய கார்டு வாங்குகிறவர்கள், ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைக் கடைக்காரர் முன்னாலேயே ஓட்டச் சொல்லலாம். நினைவக வகையும் நொடிக்கு எத்தனை ஜிபி என்பதும் திரையில் வந்துவிடும். நமக்குக் குத்தூசி எப்படியோ, கணிப்பொறிக்கு அது அப்படி.

ரசீதில் வெறுமனே கிராபிக்ஸ் கார்டு 2 ஜிபி என்று எழுதினால் ஒப்புக்கொள்ளக் கூடாது. முழு மாடல் எண்ணும் நினைவக வகையும் எழுதி வாங்குங்கள். அப்படி எழுதியதற்கு மாறாகச் சரக்கு வந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வியாபாரத்துக்கு வாங்கியது என்று சொல்லித் தட்டிவிடுவார்களோ என்ற பயம் பலருக்கு உண்டு. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கும் சிறு வணிகரையும் 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோர் என்றே கொள்கிறது. 1915 என்ற எண்ணில் தேசிய உதவி மையத்தில் முதலில் சொல்லி வைக்கலாம்.

ஜிஎஸ்டி எண்ணோடு பில் வாங்கினால், கடை உபயோகத்துக்கான கார்டின் 18 சதவீத வரியைக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது இல்லை. இப்போது புதிதாக ஜிடி 1030 வாங்கப் போகிறவர்களுக்கு இன்னொரு தகவலும் உண்டு: இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கு வழக்கமான டிரைவர் மேம்பாட்டை நிறுவனம் 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று அறிவித்திருக்கிறது. விலை பேசும்போது இதையும் சேர்த்தே பேசுங்கள்.