ஒளிக்கு 34 ஆண்டுச் சிறை!

போர்க்களத்திலே துப்பாக்கி முழங்குகிறது. அதன் பக்கத்திலேயே காமிராவும் சுழல்கிறது. துப்பாக்கி எதிரியின் மார்பைக் குறி பார்க்கிறது. காமிராவோ சொந்த நாட்டு மக்களின் உள்ளத்தைக் குறி பார்க்கிறது! ஆளவந்தார்கள் இதை நன்கு அறிவார்கள்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும், தரைப்படைத் தலைவர் மார்ஷல், ஹாலிவுட் இயக்குநர் பிராங்க் காப்ராவை அழைத்தார். ஏரையும் எந்திரத்தையும் விட்டுவிட்டுப் படைக்கு வந்த இளைஞனுக்கு, எதற்காகப் போரிடுகிறோம் என்று விளக்கும் படங்கள் வேண்டும் என்றார். 1942 முதல் 1945 வரை 7 படங்கள் பிறந்தன. இட்லரின் புகழ் பாட எடுக்கப்பட்ட படங்களிலிருந்தே காட்சிகளை வெட்டியெடுத்து, இட்லர் மீதே வீசினார் காப்ரா. எதிரியின் வாளைப் பறித்து எதிரியையே வீழ்த்தும் வித்தை அது!

ஆட்சியாளர் விரும்பிய உண்மையைக் காமிரா காட்டியவரை பாராட்டுத்தான், பரிசுதான். அவர்கள் விரும்பாத உண்மையைக் காட்டினால்?

ஜான் ஹூஸ்டனைக் கேட்க வேண்டும் அதை!

அவரும் ஹாலிவுட்காரர், படையிலே கேப்டன். 1943 டிசம்பரில் இத்தாலியின் சான் பியத்ரோ என்ற மலைச்சிற்றூருக்காக நடந்த போரைப் படமாக்கினார். தாக்குதல் காட்சிகளில் பெரும்பகுதி, சண்டை ஓய்ந்தபின் வீரர்களை மீண்டும் நடிக்க வைத்து எடுத்தவை என்று பிற்கால ஆய்வாளர் கண்டனர். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால், மாண்ட வீரர்களைத் துணிப்பைகளில் இட்டுக் கட்டும் காட்சியும் படத்தில் இருந்தது. மேலதிகாரிகள் முகம் சுளித்தனர். போருக்கு எதிரான படம் என்றனர். போரை ஆதரித்து ஒரு படம் எடுத்தால் என்னைச் சுட்டுத் தள்ளுங்கள் என்று தாம் விடையளித்ததாக ஹூஸ்டன் பின்னாளில் எழுதினார். மார்ஷலே பார்த்து, பயிற்சி பெறும் வீரர்கள் இதைக் காண வேண்டும் என்று சொன்ன பிறகுதான், வெட்டிக் குறைத்து 1945இல் வெளிவிட்டனர்.

அடுத்த படத்துக்கு அந்த நற்பேறும் இல்லை!

லாங் ஐலண்டில் மேசன் இராணுவ மருத்துவமனை. உடலில் காயமின்றி உள்ளம் நொறுங்கித் திரும்பிய வீரர்கள் அங்கே சிகிச்சை பெற்றனர். போர்ச் சேதத்தில் சுமார் 20 விழுக்காடு இத்தகையது என்று படமே தொடக்கத்தில் சொல்கிறது. ஒருவனுக்கு நடக்க முடியவில்லை. ஒருவனுக்குப் பேச்சுத் திக்குகிறது. ஒருவனுக்குத் தன் பெயரே நினைவில்லை. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அறையில் அமர்ந்து தம் துயரைச் சொல்கின்றனர். படையிலே நிறப்பிரிவினை நீடித்த காலம் அது. அதை ஒழிக்கும் ஆணை பிறந்ததே 1948இல்தான்! நடிகர் இல்லை, ஒப்பனை இல்லை. ‘ஒளி உண்டாகட்டும்’ என்று பெயர் வைத்தார் ஹூஸ்டன்.

1946இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் படத்தைத் திரையிட இருந்த வேளையில், இராணுவப் போலீசார் வந்து பிரதியைப் பறித்துச் சென்றனர். நோயுற்ற வீரர்களின் அந்தரங்கம் காக்கவே தடை என்றது இராணுவம். அவர்கள் ஒப்புதல் தந்திருந்தனர் என்றார் ஹூஸ்டன். போருக்குச் சென்றவன் வீரனாகவே திரும்புவான் என்ற கட்டுக்கதை உடைந்துவிடுமே என்ற அச்சம்தான் காரணம் என்பது அவர் கருத்து. தடை நீங்க 1980 டிசம்பர் வரை, 34 ஆண்டுகள் ஆயின!

அந்தரங்கம் காக்கப்பட வேண்டியதே, மறுக்கவில்லை. ஆனால் அணிவகுப்பில் நெஞ்சு நிமிர்த்தி நடந்தபோது அவன் முகம் நாட்டுக்குச் சொந்தம். நடுங்கும் கையோடு திரும்பியபோது மட்டும் அது அந்தரங்கமா? ஆலையில் கையிழந்த தோழனை ஆண்டுவிழாப் படத்தில் நிறுத்துகிறார்களா? அதே கணக்குத்தான் இதுவும்!

தோழர்களே! எந்த நாட்டிலும் போரிலே சாகிறவன் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைதான். அவன் வெற்றியை மட்டும் காட்டி, வேதனையை அலமாரியில் பூட்டுவது அவனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆகவே, திரையிலே போர்ப்படம் ஓடும்போது கைதட்டுமுன் மூன்று கேள்வி கேட்போம்: எடுத்தவர் யார்? எடுக்கச் சொன்னவர் யார்? வெட்டி எறிந்தது எதை?

மூன்றாவது கேள்விக்கு விடை வரும்வரை, படம் முடியவில்லை என்றே கொள்வோம்!