எல்லைக்கு எத்தனை காவலர்?

சத்துவாச்சாரியிலிருந்து மேற்கே சில கல் தொலைவு சென்றால் வேலூர்க் கோட்டை. கருங்கல் மதில், சுற்றிலும் அகழி. 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த இத்தகைய கோட்டையைக் காக்க எத்தனை பேர் வேண்டும்? ஆயிரமா? நூறா? பத்தா?

இதற்கும் கணக்கு உண்டு! மண்டபத்தின் உட்புறம் முழுவதும் கண்ணில் பட எத்தனை காவலர் வேண்டும் என்று 1973-இல் விக்டர் கிளீ என்ற கணித அறிஞர் கேட்டார். மூலைகளின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கினர் போதும் என்பது 1975-இல் மெய்ப்பிக்கப்பட்டது. வெளிப்புறத்தைப் பார்ப்பதானால் பாதி மூலைகளில் ஆள் நின்றால் போதும் என்றனர் பின்வந்தோர். 24 மூலைக் கோட்டையா? உள்ளே 8 பேர், வெளியே 12 பேர். அதற்குமேல் தேவையில்லை!

நாட்டின் எல்லைக்கும் இதே வழிதான். பகைவன் பலவீனமான இடம் தேடி வருவான். ஆகவே இருக்கும் ஆளையும் பொருளையும் பங்கிட்டு, மிகப் பலவீனமான இடத்தை இயன்றவரை வலுவாக்கு என்கிறது கணக்கு. ஆள் இவ்வளவு, பணம் இவ்வளவு என்ற நிபந்தனைகளை எழுதிக்கொண்டு சிறந்த விடை காணும் முறையை 1947-இல் டான்சிக் வகுத்தார். 2018-இல் ஜம்மு எல்லையில் கண்காணிப்புக் கருவிகள் கொண்ட வேலி அமைந்தது. கருவியை எங்கே வைப்பது என்பதும் இவ்வகைக் கேள்வியே.

கணக்கை நாம் இகழவில்லை, வரவேற்கிறோம். எல்லையில் வீணாகாத ஒவ்வொரு ரூபாயும் பள்ளிக்கூடமாகலாம், மருத்துவமனையாகலாம். ஆனால் ஒன்று கேட்கிறோம்.

1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் காவல் குலைந்ததே, மதில் இடிந்தா? அகழி வற்றியா? இல்லை! காவல் நின்ற சிப்பாய்களே எதிர்த்து எழுந்தனர். நெற்றிக் குறி கூடாது, தாடியை மழி, தோல் சின்னம் வைத்த புதுத் தொப்பியை அணி என்று 1805 நவம்பரில் ஆணை பிறந்தது. மறுத்தவர்க்குக் கசையடி! ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்து வந்த கில்லெஸ்பி, பீரங்கியால் கதவைத் தகர்த்துக் கோட்டையை மீட்டான். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டனர். ஆள் கணக்கு கும்பினியாரிடம் இருந்தது. அந்த ஆளின் மனம் அவர்கள் கணக்கில் இல்லை.

கணிதத்தில் காவலன் ஒரு புள்ளி. புள்ளிக்குப் பசியில்லை, உறக்கமில்லை, மானமில்லை. எல்லையில் பனியிலும் மணலிலும் நிற்பவனுக்கு மூன்றும் உண்டு. திட்டமிடுவோருக்கு நாம் சொல்வது இதுதான்: அவனுடைய ஓய்வு, விடுப்பு, முறையீட்டுக்குச் செவிசாய்ப்பு ஆகியவற்றையும் மீறக்கூடாத நிபந்தனைகளாக முதலில் எழுதுங்கள். விடையைப் பிறகு தேடுங்கள்.