ரத்தத்தின் வரவும் செலவும்

பணத்தின் இயக்கத்தைக் குறிக்க 'சுழற்சி', 'புழக்கம்' ஆகிய சொற்களைப் பொருளியலில் பயன்படுத்துகிறோம். ஒரு நாட்டில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதைவிட, அது எவ்வளவு விரைவாகக் கைமாறுகிறது என்பதே பல நேரங்களில் முக்கியமாகிவிடுகிறது. இந்தச் சிந்தனைக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த பிரான்சுவா கேனே. உழவர்கள், நிலவுடைமையாளர்கள், கைவினைஞர்கள் ஆகியோரிடையே ஒரு நாட்டின் செல்வம் எவ்வாறு சுற்றி வருகிறது என்பதை 1758-இல் அவர் ஓர் அட்டவணையாக வரைந்து காட்டினார். கேனே தொழிலால் மருத்துவர். மன்னர் பதினைந்தாம் லூயியின் அரண்மனையில் பணியாற்றியவர். அவரது அட்டவணைக்குப் பின்னால் ரத்த ஓட்டம் பற்றிய அறிவு இருந்திருக்க வேண்டும் என்று பொருளியல் வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகின்றனர். பொருளியல் பயிற்றுவித்தே பணிக்காலத்தைக் கழித்த நான் ரத்தத்தைப் பற்றி எழுத முற்படுவது அந்தப் பழைய உறவின் உரிமையில்தான்.

ரத்தம் உடலில் சுற்றி வருகிறது என்பது இன்று பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. ஆனால், ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் மருத்துவ உலகம் அவ்வாறு நம்பவில்லை. உண்ணும் உணவிலிருந்து கல்லீரல் ரத்தத்தைத் தொடர்ந்து உற்பத்தி செய்கிறது. உறுப்புகள் அதை உறிஞ்சித் தீர்த்துவிடுகின்றன என்பது கிரேக்க மருத்துவர் கேலனின் கொள்கை. அதாவது, ஒரு பக்கம் உற்பத்தி, மறுபக்கம் நுகர்வு, சுழற்சி என்பதே கிடையாது.

இக்கொள்கையைத் தகர்த்தவர் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி. 1628-இல் வெளியான அவரது நூலில் உள்ள வாதங்களுள் வலிமையானது ஓர் எளிய கணக்கு. ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவை மிகக் குறைத்து மதிப்பிட்டு, அதை அரை மணி நேரத் துடிப்புகளால் பெருக்கினார். கிடைத்த விடை, உடலில் உள்ள மொத்த ரத்தத்தையும் விஞ்சியது. அரை மணிக்குள் அவ்வளவு ரத்தத்தை எந்த உணவிலிருந்தும் உற்பத்தி செய்ய இயலாது. எனவே, அதே ரத்தம்தான் மீண்டும் மீண்டும் சுற்றி வரவேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். வரவையும் செலவையும் நேர்செய்து பார்த்த ஒரு கணக்காளரின் முறை அது.

இன்றைய அளவுகளைக் கொண்டு அக்கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். ஓய்வில் இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லி லிட்டர் ரத்தத்தை வெளியேற்றுகிறது. ஆக, நிமிடத்துக்கு ஐந்து லிட்டர். வளர்ந்த மனிதரின் உடலில் உள்ள மொத்த ரத்தமும் ஏறத்தாழ ஐந்து லிட்டர்தான். அதாவது, நம்மிடம் உள்ள ரத்தத்தின் அளவுக்கு நிகரான அளவு நிமிடத்துக்கு ஒருமுறை இதயத்தைக் கடந்து செல்கிறது. ஒரு நாளில் ஏழாயிரம் லிட்டருக்கும் அதிகம். இருப்பு சிறிது, புழக்கம் பெரிது.

இச்சுழற்சி இரு வட்டங்களாக நடைபெறுகிறது. உடலெங்கும் சென்று ஆக்சிஜனை இழந்து திரும்பும் ரத்தத்தை இதயத்தின் வலப்பக்கம் நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே கரியமில வாயுவை விட்டு ஆக்சிஜனைப் பெற்றுக்கொண்டு இடப்பக்கம் வந்து சேரும் ரத்தத்தை, இடது கீழறை பெரும் விசையுடன் தமனிகளுக்குள் செலுத்துகிறது. தமனிகள் கிளைத்துக் கிளைத்து, கண்ணுக்குத் தெரியாத தந்துகிகளாக மாறுகின்றன. பிறகு அவை ஒன்றுகூடிச் சிரைகளாகி இதயத்துக்குத் திரும்புகின்றன. தமனிக்கும் சிரைக்கும் நடுவே உள்ள இந்த நுண்குழாய்களை ஹார்வி கண்டதில்லை. அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1661-இல், இத்தாலியின் மார்செல்லோ மால்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோதுதான் அவை புலப்பட்டன.

காலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் மேல்நோக்கி ஏறுவது எளிதன்று. அதற்குச் சிரைகளில் உள்ள ஒருவழி வால்வுகளும், நடக்கும்போது சுருங்கி விரியும் கெண்டைக்கால் தசைகளும் துணை நிற்கின்றன. நெடுநேரம் அசையாமல் நிற்பவர்களுக்கும் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கும் கால் வீங்குவதன் காரணம் இதுவே.

இனி, ஓடுகின்ற பொருளைப் பார்ப்போம். ரத்தத்தில் பாதிக்குச் சற்று அதிகமான பங்கு பிளாஸ்மா என்னும் மஞ்சள் நிறத் திரவம். அதில் பெரும்பகுதி நீர். எஞ்சியது அணுக்கள். அவற்றுள் சிவப்பணுக்களே மிகப் பெரும்பான்மை. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களும், காயத்தில் ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களும் எண்ணிக்கையில் குறைந்தவை.

நம் உடலில் சுமார் 25 லட்சம் கோடி சிவப்பணுக்கள் உள்ளன. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் ஒவ்வொன்றும் ரத்தத்தில் கலக்கும் முன் தன் உட்கருவைத் துறந்துவிடுகிறது. அந்த இடத்தையும் ஹீமோகுளோபின் நிரப்பிக் கொள்கிறது. உட்கரு இல்லாததால் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளவோ பெருக்கிக்கொள்ளவோ அதனால் இயலாது. தன்னினும் குறுகலான தந்துகிகளிலும் வளைந்து நெளிந்து நுழைந்து, சுமார் 120 நாள்கள் உழைத்தபின் மண்ணீரலிலும் கல்லீரலிலும் சிதைக்கப்படுகிறது. இந்த இழப்பை ஈடுசெய்ய, மஜ்ஜை விநாடிக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்களைப் புதிதாக உருவாக்கியாக வேண்டும்.

இதற்குத் தேவையான இரும்பின் கணக்கு இன்னும் சுவையானது. நாளொன்றுக்கு இருபது மில்லி கிராமுக்கு மேல் இரும்பு வேண்டும். ஆனால், உணவிலிருந்து உடல் ஈர்த்துக்கொள்வது ஒன்று அல்லது இரண்டு மில்லி கிராம்தான். எஞ்சியதெல்லாம் சிதைந்த பழைய அணுக்களிலிருந்து மீட்டெடுக்கப்படுவது. இவ்வளவு சிக்கனமான மறுசுழற்சியிலும், சிறிய பற்றாக்குறை நாள்தோறும் தொடர்ந்தால் இருப்பு கரைந்துவிடும். மாதவிலக்கின்போது ரத்தத்தை இழக்கும் பெண்களின் உணவில் இரும்புச்சத்து குறைந்தால் ரத்தசோகை ஏற்படுவது இப்படித்தான். ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21), 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை உள்ளது. தமிழ்நாட்டில் இது 53 சதவீதம். பாதிக்கு மேற்பட்ட பெண்கள் குறைந்த ஆக்சிஜனுடன் முழுநாள் உழைக்கிறார்கள் என்பதே இதன் பொருள். இதை உற்பத்தி இழப்பாகவும் பார்க்கலாம், அநீதியாகவும் பார்க்கலாம்.

விநியோகத்திலும் உடல் தேர்ந்த நிர்வாகியாகவே செயல்படுகிறது. ஓய்வு நேரத்தில் ரத்த ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. உடல் எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளைக்கு ஏறத்தாழ 15 சதவீதம் கிடைக்கிறது. கடும் உடற்பயிற்சியின்போது இதயம் வெளியேற்றும் ரத்தம் நான்கைந்து மடங்காகப் பெருகி, அதில் பெரும்பங்கு தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. அப்போதும் மூளைக்குச் செல்லும் ரத்தத்தின் அளவு குறைக்கப்படுவதில்லை. திசுக்களுக்குள் சென்ற பிறகும் இதே நியதிதான்: எங்கே உழைப்பு மிகுந்து கரியமில வாயுவும் அமிலத்தன்மையும் கூடுகின்றனவோ, அங்கே ஹீமோகுளோபின் ஆக்சிஜனைத் தாராளமாக விடுவிக்கிறது. டென்மார்க் நாட்டின் கிறிஸ்டியன் போர் 1904-இல் விளக்கிய நிகழ்வு இது. தேவைக்கேற்ப வழங்கல் என்பதை நாங்கள் வகுப்பறையில் வரைபடமாகப் போட்டுக் காட்டுகிறோம். உடல் ஓசையின்றி அதை நடத்திக்கொண்டிருக்கிறது.

இந்தப் பங்கீட்டைச் செய்பவை சிறு தமனிகள். ஒரு குழாயின் ஆரம் பாதியானால் அதில் ஓட்டத்துக்கான தடை இரு மடங்காவதில்லை, 16 மடங்காகிறது. அதனால்தான் சிறு தமனிகள் சற்றே சுருங்கி விரிவதன் மூலம் பெரும் மாற்றங்களைச் செய்ய முடிகிறது. அவை நிரந்தரமாக இறுகிவிட்டாலோ, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் விசையைச் செலுத்த வேண்டியிருக்கிறது. உயர் ரத்த அழுத்தத்தின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அது பெரும்பாலும் வலியோ வேறு அறிகுறியோ காட்டாமல் இதயம், மூளை, சிறுநீரகம் ஆகியவற்றின் நாளங்களைச் சிதைக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அழுத்தத்தை அளந்து பார்ப்பதும், உப்பைக் குறைப்பதும், தொடங்கிய மருந்தை இடையில் நிறுத்தாமல் இருப்பதும் செலவு குறைந்த காப்பீடு.

இதுவரை கூறியவை ஓர் உடலுக்குள் நடக்கும் சுழற்சி. விபத்தோ பிரசவமோ அறுவை சிகிச்சையோ அதை உடைக்கும்போது சமுதாயத்தின் பொறுப்பு தொடங்குகிறது. மொத்த ரத்தத்தில் 15 சதவீதம் வரையிலான இழப்பை ஆரோக்கியமான உடல் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். 40 சதவீதத்தை நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. அப்போது தேவைப்படும் சிவப்பணுக்களை எந்தத் தொழிற்சாலையும் செய்து தர இயலாது. இன்னொரு மனிதர் தந்தாக வேண்டும்.

யாருடைய ரத்தமும் யாருக்கும் பொருந்திவிடாது என்பதை ஆஸ்திரியாவின் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் 1901-இல் நிறுவினார். அவர் பிறந்த ஜூன் 14-ஆம் நாளே உலக ரத்ததானம் செய்வோர் தினம். 'ஓ' வகையினருக்குத் தோன்றினாலும், 'ஓ' ரத்தத்தைக்கூட ஏற்க இயலாத ஓர் அரிய வகை 1952-இல் மும்பையில் கண்டறியப்பட்டு, அந்நகரின் பழைய பெயராலேயே 'பம்பாய் ரத்த வகை' என்று அழைக்கப்படுகிறது.

தட்டுப்பாடுள்ள பொருளுக்கு விலை கொடுத்தால் வரத்து பெருகும் என்பது பொருளியலின் முதல் பாடம். ரத்தத்துக்கு அது பொருந்துமா? 1970-இல் பிரிட்டிஷ் அறிஞர் ரிச்சர்ட் டிட்மஸ் இக்கேள்வியை எழுப்பினார். கொடையாக ரத்தம் பெற்ற பிரிட்டனையும், கணிசமான அளவில் விலைக்கு வாங்கிய அமெரிக்காவையும் அவர் ஒப்பிட்டார். பணத்துக்காக வருபவர் தம் நோயை மறைக்கக் காரணம் இருக்கிறது. கொடையாளருக்கு அக்காரணம் இல்லை என்பது அவரது வாதத்தின் மையம். அதே ஆண்டில்தான் ஜார்ஜ் அகெர்லாஃப், பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டி, விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாவிட்டால் தரமற்ற சரக்கே மிகும் என்று விளக்கினார். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, ரத்தத்தைச் சந்தையிடம் விடக்கூடாது என்பதற்கு அறவுரை மட்டுமன்றிப் பொருளியல் காரணமும் இருப்பது தெளிவாகிறது. பரிசோதனைகள் மேம்பட்டுவிட்டன என்பது உண்மை. ஆனால், தொற்று ஏற்பட்ட தொடக்க நாள்களில் பரிசோதனையிலும் அது தப்பிவிடக்கூடும். கொடையாளரின் நேர்மையே அப்போது முதல் காவல்.

இந்தியாவும் இப்பாதையையே தேர்ந்தது. உச்சநீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பையடுத்து, 1998 ஜனவரி 1 முதல் பணம் பெற்று ரத்தம் கொடுப்பது தடை செய்யப்பட்டது. 2002-இல் வகுக்கப்பட்ட தேசிய ரத்தக் கொள்கை, தன்னார்வக் கொடையையே முழுமையாகச் சார்ந்திருக்க வேண்டும் என்கிறது. ஆயினும், 'நோயாளிக்கு ஏற்றும் ரத்தத்துக்கு ஈடாக உறவினர் ரத்தம் தரவேண்டும்' என்ற வழக்கம் இன்னும் மறையவில்லை. பெரிய குடும்பமும் நண்பர் கூட்டமும் உடையவர் அதைச் சமாளித்துவிடுவார். வெளியூரிலிருந்து தனியே வந்த கூலித் தொழிலாளி என்ன செய்வார்? ஆள் கிடைக்காதவர், ஆளை விலைக்குப் பிடிக்கத் தூண்டப்படுகிறார். முன்வாசலில் மூடப்பட்ட சந்தை பின்வாசல் வழியே நுழைவது இப்படித்தான்.

இதற்குத் தீர்வு, இருப்பை முன்கூட்டியே சீராக வைத்திருப்பதுதான். ரத்தத்தைத் தானியம்போல் சேமித்து வைக்க முடியாது. சிவப்பணுக்களை 35 முதல் 42 நாள்கள் வரை வைத்திருக்கலாம். தட்டணுக்களின் ஆயுள் ஐந்தே நாள்கள். ஆகவே, தலைவர்களின் பிறந்தநாளில் ஒரே நாளில் ஆயிரம் பேர் கொடுத்துவிட்டு, அடுத்த மாதங்களில் ஒருவரும் வராவிட்டால் பயன் குறைவு. நாங்கள் கல்லூரியில் முகாம்கள் நடத்திய காலத்திலேயே, தேர்வும் கோடை விடுமுறையும் வந்துவிட்டால் ரத்த வங்கிகளிலிருந்து கவலையோடு அழைப்பு வரும். கொடையாளர்களில் மாணவர்கள் அதிகம் என்பதால் ஏற்படும் பருவகாலத் தட்டுப்பாடு அது. அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் குடியிருப்போர் சங்கங்களும் ஏப்ரல், மே மாதங்களைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டால் இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியும்.

தகுதியுடைய ஒருவர் ஒருமுறை தருவது 350 அல்லது 450 மில்லி லிட்டர். உடலில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இழந்த திரவம் ஓரிரு நாள்களில் நிரம்பிவிடும். சிவப்பணுக்கள் சில வாரங்களில் மீளும். ஆண்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும் தரலாம். ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும் என்ற விதியால், தர விரும்பும் பெண்கள் பலர் திருப்பி அனுப்பப்படுகின்றனர். எனவே, ரத்தசோகையை ஒழிப்பது ரத்த இருப்பைப் பெருக்கும் வழியும் ஆகும்.

ரத்தம் கொடுக்க வயது வரம்பு 18 முதல் 65. அந்த எல்லையை நெருங்கிக்கொண்டிருக்கும் என் தலைமுறையினர், நம் இடத்தை நிரப்ப இளையோர் இருவரையேனும் அழைத்து வந்து பழக்கிவிட வேண்டும். எந்தச் சுழற்சியும் இடையறாமல் நடந்தால்தான் உயிர் தரும். உடலுக்குள் அதை இதயம் பார்த்துக்கொள்கிறது. உடலுக்கு வெளியே அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).