துகள்-கட்ட முறைகளில் உந்தக் காப்பு

துகள்-கட்டக் கலப்பு முறைகள் என்பவை நீர், மணல், பனி போன்றவற்றின் இயக்கத்தைக் கணினியில் உருவகப்படுத்தப் பயன்படும் கணிப்பு முறைகள் ஆகும். இவற்றில் பொருளின் நிறையையும் திசைவேகத்தையும் துகள்கள் சுமந்து செல்கின்றன. அழுத்தம் முதலிய விசைகளோ, வெளியில் விரிக்கப்பட்ட கட்டவலையின் கணுக்களில் கணிக்கப்படுகின்றன. எனவே ஒவ்வொரு காலப்படியிலும் திசைவேகம் துகள்களிலிருந்து கணுக்களுக்கும், அங்கிருந்து மீண்டும் துகள்களுக்கும் மாற்றப்படுகிறது. இவ்விரு மாற்றங்களிலும் மொத்த உந்தம் கூடாமலும் குறையாமலும் இருத்தலே உந்தக் காப்பு எனப்படுகிறது.

இவற்றுள் மூத்ததான பிக் முறையை 1950களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பிரான்சிஸ் ஹார்லோ உருவாக்கினார்.

நேர்கோட்டு உந்தம்

ஒவ்வொரு துகளும் தன் நிறையையும் உந்தத்தையும் அருகிலுள்ள கணுக்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. ஒரு துகளின் பங்குகளின் கூட்டுத்தொகை 1 ஆக இருக்குமாயின், மொத்த நேர்கோட்டு உந்தம் மாறாது. திரும்பும்போதும் அதே பங்குகளையே பயன்படுத்தினால் அங்கும் இழப்பில்லை. ஆகவே இதனைக் காப்பது எளிது. சிக்கல் கோண உந்தத்தில்தான் எழுகிறது.

கோண உந்தம் தொலையும் இடம்

ஒரு நேர்கோட்டில் −1, 0, 1 மீட்டர் தொலைவுகளில் மூன்று கணுக்கள் உள்ளன எனக் கொள்வோம். 0.5 மீட்டரில் உள்ள 1 கிலோகிராம் துகள் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் மேல்நோக்கியும், −0.5 மீட்டரில் உள்ள அதே நிறையுடைய துகள் அதே வேகத்தில் கீழ்நோக்கியும் செல்கின்றன. மையத்தைப் பொறுத்து இவற்றின் கோண உந்தம் 2 அலகுகள்.

ஒவ்வொரு துகளும் தன் இருபுறக் கணுக்களுக்கும் பாதிப் பாதியாகப் பகிர்கிறது. நடுக்கணுவில் எதிரெதிர் உந்தங்கள் நீங்கி, அதன் வேகம் சுழியாகிறது. ஓரக் கணுக்களின் வேகம் மேலும் கீழுமாக 2. கட்டவலையில் கோண உந்தம் இன்னும் 2 அலகுகளே. ஆனால் துகள் தன் வேகத்தைத் திரும்பப் பெறும்போது 0, 2 ஆகியவற்றின் சராசரியான 1 மட்டுமே கிடைக்கிறது. கோண உந்தம் ஒரே படியில் பாதியாகிவிடுகிறது! விசை எதுவும் செயல்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பிக் முறையில் நீர்ச்சுழல்கள் விரைந்து அடங்கி, நீர் தேனைப்போல் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

ஃபிளிப் முறை

1986இல் பிராக்பில், ரூப்பல் ஆகியோர் ஃபிளிப் முறையை வெளியிட்டனர். இதில் துகளின் பழைய வேகம் நீக்கப்படுவதில்லை. கட்டவலையில் ஏற்பட்ட மாற்றம் மட்டுமே அதனுடன் கூட்டப்படுகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் மாற்றமே இல்லாததால் துகளின் வேகம் 2 ஆகவே இருக்கும். ஆயினும் ஒரே இடத்தில் எதிரெதிராக நகரும் இரு துகள்களைக் கட்டவலை சுழி வேகமாகவே காண்கிறது. கட்டவலைக்குத் தெரியாத இத்தகைய இயக்கங்களைத் தணிக்க வழியின்றி இரைச்சல் சேர்கிறது. இதனால் இரு முறைகளையும் கலந்து பயன்படுத்தும் வழக்கம் வந்தது. 2013இல் வெளியான ஃபுரோசன் திரைப்படத்தின் பனிக்காக அமைந்த முறையில் ஃபிளிப் 95 விழுக்காடும் பிக் 5 விழுக்காடும் கலக்கப்பட்டன. இது நடைமுறைச் சமரசமே தவிர, தீர்வு எனக் கூற இயலாது.

அஃபைன் முறை

2015இல் சென்ஃபான்ஃபு ஜியாங், ஜோசப் டெரான் உள்ளிட்டோர் முன்வைத்த ஏபிக் முறை, இழப்பு நிகழும் இடத்திலேயே அதைச் சரிசெய்கிறது. துகள் தன் வேகத்துடன், தன்னைச் சுற்றி வேகம் எவ்வாறு மாறுகிறது என்பதையும் ஓர் அணியாகச் சேமிக்கிறது. முப்பரிமாணத்தில் இது துகளுக்கு 9 கூடுதல் எண்கள். நம் எடுத்துக்காட்டில் துகளின் வேகம் 1 ஆகக் குறைந்தாலும், மீட்டருக்கு 2 என்னும் வேகச்சரிவு அதனுடன் தங்குகிறது. அடுத்த படியில் இவ்விரண்டையும் கொண்டு 0, 2 ஆகிய கணு வேகங்கள் அப்படியே மீட்கப்படுகின்றன. துகளுக்கு, இடப்பெயர்ச்சியால் 0.5, உட்சுழற்சியால் 0.5 எனக் கணக்கிட, இரு துகள்களின் மொத்தக் கோண உந்தம் 2 அலகுகள். 2016இல் வெளியான மோவானா திரைப்படத்தின் நீர்க்காட்சிகளில் இம்முறை கையாளப்பட்டது.

உந்தம் காக்கப்படுவதால் ஆற்றலும் காக்கப்படும் என்று பொருளன்று. முன்கண்ட துகள்களின் தொடக்க இயக்க ஆற்றல் 4 ஜூல். கட்டவலைக்கு மாறியதும் அது 2 ஜூல் மட்டுமே.