மூன்றாவது துளையின் பின்னால்

பிளக் பாயிண்டை மாற்றுவது பத்து நிமிட வேலை. ஆனால் அதன் பின்னால் இருக்கும் வயரிங்கைப் பற்றி இந்தியக் குடும்பங்கள் யோசிப்பதே இல்லை.

கோடை தொடங்கியதும் டெல்லி வீடுகளில் ஏர்கூலர் பரணிலிருந்து இறங்குகிறது. டிசம்பர் பிறந்ததும் லக்னோவிலும் பாட்னாவிலும் வாளித் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் ராடு வெளியே வருகிறது. இரண்டுமே தண்ணீரையும் மின்சாரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கும் சாதனங்கள். இரண்டும் போய்ச் சேரும் இடமும் ஒன்றுதான்: ஓரம் கறுத்துப்போன ஒரு பிளக் பாயிண்ட். அதிலுள்ள மூன்று துளைகளில் மேல் துளைக்குப் பின்னால் பல வீடுகளில் கம்பியே இருப்பதில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2021-ல் நாடு முழுவதும் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 12,000 பேருக்கும் அதிகம். வயலில் அறுந்து விழுந்த கம்பியும் இதில் சேர்த்தி, குளியலறையில் கசிந்த ஹீட்டரும் சேர்த்தி. முதலாவதற்கு வீட்டுக்காரர் பொறுப்பல்ல. இரண்டாவதைத் தடுப்பது பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கிறது.

நம் சுவரில் உள்ள உருண்டைத் துளை சாக்கெட் பிரிட்டிஷார் விட்டுச்சென்ற சொத்து. அவர்களே 1947-ல் புதிய தர விதி கொண்டுவந்து, உள்ளே ஃபியூஸ் வைத்த சதுர முனை பிளக்குக்கு மாறத் தொடங்கினார்கள். இந்தியா பழையதிலேயே நின்றுவிட்டது. முன்பு 5, 15 ஆம்பியர் என்று அழைக்கப்பட்ட சாக்கெட்டுகள் இன்று 6, 16 ஆம்பியர். இந்த பிளக்குகளில் ஃபியூஸ் கிடையாது. எனவே மொத்தப் பாதுகாப்பும் மெயின் போர்டையும் சுவருக்குள் ஓடும் கம்பியையும் நம்பியே இருக்கிறது.

கம்பிகள் மூன்று. ஃபேஸ் 230 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுவருகிறது. நியூட்ரல் அதைத் திருப்பி எடுத்துச் செல்கிறது. எர்த், சாதனத்தின் உலோக உடலை மண்ணோடு இணைக்கிறது. பழைய வயரிங்கில் இவை முறையே சிவப்பு, கறுப்பு, பச்சை. புதிய சாதனங்களின் வயரில் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள். சாக்கெட்டை நேருக்கு நேர் பார்த்தால் மேலே எர்த், வலது பக்கம் ஃபேஸ், இடது பக்கம் நியூட்ரல். எர்த் முனை மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பது அழகுக்காக அல்ல. செருகும்போது முதலில் தொடவும், உருவும்போது கடைசியில் விடவும்தான். அந்த முனையை உடைத்துவிட்டு இரண்டு துளையில் சொருகுகிறவர்கள், ஆபத்துக்கும் தங்களுக்கும் நடுவே இருந்த காவல்காரனை வேலையை விட்டு அனுப்புகிறார்கள்.

கணக்கு எளிது

வாட்ஸை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 1,000 வாட்ஸ் இஸ்திரிப் பெட்டி சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட் போதும். 2,000 வாட்ஸ் கீசர் 8.7 ஆம்பியர், அதற்கு 16 ஆம்பியர் சாக்கெட்தான். அடாப்டர் மாட்டி அதைச் சிறிய சாக்கெட்டில் ஓட்டினால் என்ன ஆகும்? மின்னோட்டம் ஒன்றரை மடங்கு கூடினால் வெப்பம் இரண்டு மடங்குக்கு மேல் கூடும். முதலில் பிளாஸ்டிக் வாசனை வரும், பிறகு ஓரம் கறுக்கும், அதன் பிறகு தீ.

கொல்கத்தாவின் பழைய வீடுகளிலும் மும்பையின் சால்களிலும் வயரிங் போட்ட காலத்தில் தேவைப்பட்டது நாலு பல்பு, இரண்டு ஃபேன், ஒரு ரேடியோ. அதே கம்பியில் இன்று ஃபிரிட்ஜ், மிக்ஸி, வாஷிங் மெஷின், ஏ.சி. எல்லாம் தொங்குகின்றன. விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி போதும். 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு வழக்கமாக 2.5, பெரிய ஏ.சி.க்கு 4 தேவை. மெல்லிய கம்பியின் முனையில் பெரிய சாக்கெட்டை மாட்டினால் சாக்கெட் தாங்கும். சுவருக்குள் கம்பி வேகும்.

சட்டமும் இங்கேதான் கோடு போடுகிறது. சுவிட்ச், ஃபியூஸ், பல்பு போன்றவற்றை, இணைப்பின் திறனோ தன்மையோ மாறாமல் மாற்றிக்கொள்ள 1956-ன் இந்திய மின்சார விதிகள் அனுமதித்தன. மற்ற வேலைகளுக்கு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வேண்டும் என்றன. பின்னர் வந்த மத்திய மின்சார ஆணைய விதிமுறைகளும் இதையே தொடர்ந்தன. 6 ஆம்பியருக்குப் பதில் 6 ஆம்பியர் மாட்டலாம். அதையே 16 ஆக்குவது புதிய கம்பி இழுக்கும் வேலை. எலெக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும்.

கை வைப்பதற்கு முன்

மெயினை அணைத்தாலே போதும் என்பது பழைய நினைப்பு. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயின் அணைந்ததும் பேட்டரி விழித்துக்கொள்கிறது. சாக்கெட்டில் மீண்டும் 230 வோல்ட். எனவே இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். டெஸ்டர் எரியவில்லை என்பதாலேயே மின்சாரம் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. மின்சாரம் உள்ள இடத்தில் அது எரிகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு மெயினை அணைத்துச் சோதிப்பதே முறை.

பழைய சாக்கெட்டைக் கழற்றுமுன் எந்தக் கம்பி எந்தத் திருகில் இருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கருகிய நுனியை வெட்டிவிட்டு, பளபளப்பான தாமிரம் தெரியும்வரை சீவ வேண்டும். திருகை இறுக்கிய பின் கம்பியை லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். ஃபேஸ் கம்பி சுவிட்ச் வழியாகத்தான் சாக்கெட்டுக்கு வர வேண்டும். நியூட்ரலில் சுவிட்ச் இருந்தால், அணைத்த பிறகும் சாதனத்துக்குள் மின்சாரம் காத்திருக்கும். பெட்டிக்குள் அலுமினியக் கம்பி தென்பட்டால் அதைத் தாமிரத்தோடு முறுக்காமல், மூடிவிட்டு எலெக்ட்ரீஷியனுக்குச் சொல்லியனுப்புவது நல்லது.

தளர்ந்த இணைப்பு சின்ன விஷயமல்ல. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபகார் திரையரங்கில் 59 பேரைப் பலிகொண்ட தீ, காலையில் பழுதுபார்க்கப்பட்ட டிரான்ஸ்ஃபார்மரில் சரியாகப் பொருத்தப்படாத கேபிளிலிருந்து கிளம்பியது. அளவு வேறு, பாடம் ஒன்றுதான்.

எல்லாமே ‘மின்கசிவு’ அல்ல

எந்தத் தீ விபத்துக்கும் செய்தித்தாள்கள் தரும் காரணம் மின்கசிவு. உண்மையில் பல தீக்குக் காரணம் அதிக சுமை, அல்லது ஷார்ட் சர்க்யூட். இவற்றைத் தடுப்பது எம்.சி.பி. ஆனால் மனிதனைக் காப்பாற்றுவது அதன் வேலையல்ல. ஈரக் கையோடு ஹீட்டரைத் தொட்டவர் உடலில் கால் ஆம்பியர் வரை பாயலாம். உயிர் போக அது போதும், 6 ஆம்பியர் எம்.சி.பி. விழப் போதாது.

நிஜமான மின்கசிவைக் கண்டுபிடிப்பது ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் முழுதாகத் திரும்பவில்லை என்றால், 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்திலேயே நொடியின் ஒரு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். 5 கிலோவாட் முதலான வீட்டு இணைப்புகளுக்கு இத்தகைய கருவியை 2010-ன் விதிமுறைகளே கேட்டன. சின்ன வீடுகளுக்கோ அதைவிட அவசரம். எர்த் இல்லாமல் போவது அங்கேதான் அதிகம்.

கருவி இருக்கும் வீட்டிலும் வேலை முடிந்துவிடவில்லை. அதன் முகப்பில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் வீடு இருட்டாக வேண்டும். இருட்டாகவில்லை என்றால், அடுத்த வாளித் தண்ணீர் சூடாவதற்குள் அதை மாற்றியாக வேண்டும்.