வேட்டைத் துப்பாக்கியின் குறித்திறம்

1907ஆம் ஆண்டில், இந்தியாவின் குமாவுன் மலைப்பகுதியில், சம்பாவத் பெண்புலியை ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்தினார். அது 436 பேரைக் கொன்றது என்பது கணக்கு. அதன் வலப்புற மேல் கோரைப்பல் பாதியளவு முறிந்தும், கீழ்க் கோரைப்பல் எலும்புவரை உடைந்தும் இருக்கக் கண்டார். முன்னர் யாரோ சுட்ட குண்டின் விளைவு அது. இயல்பான இரையைக் கொல்ல இயலாமற் போனதே அதனை ஆட்கொல்லியாக்கியது என்பது அவர் முடிவு. ஆகவே, வேட்டைத் துப்பாக்கிக்கு எவ்வளவு குறித்திறம் வேண்டும் என்னும் வினா வெறும் விளையாட்டு வினா அன்று.

ரைபிள் என்பது, குழலின் உட்புறத்தில் திருகுவரிகள் வெட்டப்பெற்ற துப்பாக்கி. அவ்வரிகளினூடே செல்லும் குண்டு சுழன்றுகொண்டே வெளிப்படுகிறது. சுழலும் பம்பரம் சாயாது நிற்பதுபோல, அக்குண்டும் புரளாமல் முனை முன்னாகச் செல்கிறது.

குறித்திறத்தில் இரு கூறுகள் உள. குண்டுகள் ஒன்றற்கொன்று அணுக்கமாக விழுதல் ஒன்று. குறித்த இடத்தில் விழுதல் மற்றொன்று. முன்னதைச் செறிவு எனலாம். செறிவு இருப்பின், குறிகாட்டியைத் திருகிப் பின்னதைச் சரிசெய்யலாம். செறிவு இல்லையேல், எவ்வளவு திருகினும் பயனில்லை.

செறிவை அளப்பது எங்ஙனம்? துப்பாக்கியை மணல்மூட்டைமேல் சார்த்தி, 100 மீட்டர் தொலைவிலுள்ள ஒரே புள்ளியை நோக்கி ஐந்து முறை சுடவேண்டும். மிக விலகிய இரு துளைகளின் நடுவிடங்களுக்கு இடைப்பட்ட தூரமே அளவு. ஒரு பாகையில் 60இல் ஒரு பங்காகிய கலை, அத்தொலைவில் ஏறத்தாழ 2.9 செ.மீ. ஆகும். மானின் நெஞ்சில் உயிர்நிலையான பகுதி சுமார் 20 செ.மீ. அகலமுடையது. எனவே 4 அல்லது 5 செ.மீ. செறிவு வேட்டைக்குப் போதும். 200 மீட்டரில் இது இரட்டிக்கும். கைநடுக்கமும் அதனோடு சேரும்.

செறிவு குறையின், குழலை மாற்ற விரைதல் வேண்டா. திருகாணிகள் தளர்ந்துள்ளனவா, ஈரத்தால் உப்பிய மரக்கட்டை குழலை அழுத்துகிறதா, குழலினுள் செம்புக்கறை படிந்துள்ளதா என்று முதலில் நோக்குக. குழல் சூடேறினாலும் குண்டுகள் சிதறலாம். ஆதலின் ஆறவிட்டுச் சுடுக. ஒரு துப்பாக்கிக்கு ஒத்த தோட்டா மற்றொன்றுக்கு ஒவ்வாதிருத்தல் உண்டு. ஆகையால் இரண்டு மூன்று வகைகளைச் சுட்டுப் பார்த்தல் நன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். இரண்டை மாற்றினால், பயன் எதனால் விளைந்தது என்பது விளங்காது.

இவ்வளவும் செய்தபின், தன் குண்டு எத்தொலைவுவரை அந்த 20 செ.மீ.க்குள் தவறாது விழும் என்பதை வேட்டையாடுவோன் அறிவான். அதற்கு அப்பால் நிற்கும் விலங்கைச் சுடாது விடுதலே குறித்திறத்தின் முடிந்த பயனாகும்.